கொல்லைப்புறப் பட்டறையும் கூட்டுறவுச் சங்கமும்

காரைக்கால் பகுதியில் அரசலாற்றின் இரு கரையிலும் உள்ள எந்தக் கிராமத்துக்குச் சென்றாலும், ஏதேனும் ஒரு வீட்டுத் தாழ்வாரத்திலோ கொல்லைப்புறத்திலோ பழைய சைக்கிள் சக்கரமும், மரச் சட்டங்களும், இரும்புத் துண்டுகளும் குவிந்து கிடக்கக் காணலாம். அண்டை வீட்டார் அதைக் குப்பை என்பர். வீட்டுக்காரருக்கோ அது பாதியில் நிற்கும் ஓர் எண்ணம். தார் சுற்றும் ராட்டினத்துக்குச் சைக்கிள் சக்கரத்தைப் பூட்டி இலேசாக ஓடச் செய்தவர், அதனுடன் தையல் இயந்திரத்து மோட்டாரைப் பொருத்திப் பார்ப்பவர், ஆயில் எஞ்சினைச் சக்கர வண்டியில் ஏற்றி வாய்க்காலுக்கு வாய்க்கால் இழுத்துச் செல்பவர், களைக்கருவியின் பற்களைத் தம் வயற் சேற்றுக்கு இசைய வளைத்துக் கொண்டவர் ஆகிய இவர்களுள் பெரும்பாலோர் பொறியியற் கல்லூரி வாசலை மிதித்தவர்களல்லர். பொழுதுபோக்காகத் தொடங்கினோர் பலர். கைவலி தாளாமல் தொடங்கினோர் சிலர்.

இத்தகைய முயற்சிகளைக் கூட்டுறவுச் சங்கங்கள் எவ்வாறு நோக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். கடையில் வாங்கும் இயந்திரத்துக்கு விலைச்சீட்டு உண்டு, உத்தரவாதம் உண்டு. ஆதலால் அதற்குக் கடன் கொடுப்பதில் நிர்வாகக் குழுவுக்குத் தயக்கம் இல்லை. வீட்டில் செய்த கருவிக்கு இவை எவையும் இல்லை. ஆகவே விண்ணப்பம் மறுக்கப்படுகிறது. அல்லது முகதாட்சண்யத்துக்காக ஏற்கப்படுகிறது. இரண்டும் முறையன்று. ஒரு கருவியை அளந்து பார்க்கும் முறை ஒன்று நம் நாட்டிலேயே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன் வகுக்கப்பட்டிருக்கிறது. அதை முதலில் அறிந்து கொள்வோம்.

ஒரு லட்ச ரூபாய்ப் பரிசு

1925-இல் காந்தியடிகளின் முயற்சியால் தோன்றிய அகில பாரத சர்க்கா சங்கம், 1929-இல் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. புதிய கை ராட்டை ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு என்பதே அது. அக்காலத்தில் ஒரு லட்சம் என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் நாம் கவனிக்க வேண்டியது தொகையை அன்று. அதனுடன் விதிக்கப்பட்ட நிபந்தனைகளை.

ராட்டை இலேசானதாக, எளிதில் இடம் மாற்றத் தக்கதாக இருக்க வேண்டும். குடிசையில் வாழும் ஒரு பெண், மிகுந்த சிரமமின்றி 8 மணி நேரம் அதைக் கையாலோ காலாலோ இயக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அந்த 8 மணி நேரத்தில் 12 முதல் 20 நம்பர் வரையுள்ள நூல் 16,000 கஜம் கிடைக்க வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது. 20 ஆண்டுகள் உழைக்க வேண்டும். பழுது பார்க்கும் செலவு ஆண்டுக்கு விலையில் நூற்றுக்கு 5 பங்கைத் தாண்டக் கூடாது.

840 கஜம் ஒரு சிட்டம் என்ற கணக்கை நெசவாளர் அறிவர். 16,000 கஜம் ஏறக்குறைய 19 சிட்டம் ஆகிறது. சாதாரண ராட்டையில் எட்டவே முடியாத அளவு இது. இவ்வளவு உற்பத்தியைக் கேட்டவர்கள், அதே மூச்சில் விலையையும், உழைப்பவரின் உடம்பையும், பழுதுச் செலவையும் சேர்த்துக் கேட்டார்கள். வேகமாக நூற்கும் இயந்திரம் மில்களில் ஏற்கெனவே இருந்தது. குடிசைக்குள் நுழையக் கூடிய வேகம் எங்கே என்பதே கேள்வி. குறித்த கெடுவுக்குள் அந்தப் பரிசைப் பெற்றவர் எவரும் இல்லை.

அம்பர் ராட்டை

பரிசு அறிவிப்பு வெளியாகி ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் என்பவர் ஒரு புதிய ராட்டையை உருவாக்கினார். அவர் பெயரையொட்டியே அது அம்பர் ராட்டை எனப்பட்டது.

அதன் நுட்பத்தைச் சுருங்கச் சொல்லலாம். பழைய ராட்டையில் பஞ்சை இழுத்து முறுக்கேற்றுவது ஒரு வேலை. முறுக்கிய நூலைக் கதிரில் சுற்றுவது மற்றொரு வேலை. ஒன்று நடக்கும்போது மற்றொன்று நிற்கும். மேலும் பஞ்சை இழுக்கும் வேலை முழுவதும் நூற்பவரின் விரலைச் சார்ந்தது. ஏகாம்பரநாதனோ மில்லின் வளையக் கதிர் முறையைச் சிறு அளவில் குடிசைக்குக் கொண்டுவந்தார். வெவ்வேறு வேகத்தில் சுழலும் உருளைகள் பஞ்சுத் திரியை நீட்டித் தருகின்றன; கதிரும் வளையமும் ஒரே சமயத்தில் முறுக்கவும் சுற்றவும் செய்கின்றன. நூற்பவர் கைப்பிடியைச் சுற்றினால் போதும். ஆகவே ஒரு கதிருக்குப் பதில் பல கதிர்களை ஒருவரே ஓட்ட முடிந்தது. நான்கு கதிர் கொண்ட அம்பர் ராட்டை நாடெங்கும் பரவிற்று. 1955-இல் கார்வே குழு இதை ஆதரித்துப் பரிந்துரைத்தது. 1956-இல் இதற்கென்றே ஒரு விசாரணைக் குழு அமர்ந்தது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் அம்பருக்குப் பெரிய இடம் அளிக்கப்பட்டது.

ஆனால் விளைவு எதிர்பார்த்தபடி அமையவில்லை. திரி சீராக இல்லாவிடில் நூல் சீராக வராது. நூல் சீராக வராவிடில் பாவு அறும். பாவு அறுந்தால் நெசவாளர் அந்த நூலை மறுமுறை தொடமாட்டார். உருளையும் வளையமும் தேய்ந்தால் மாற்று உறுப்பு வேண்டும். அதைப் பொருத்தப் பழகிய கை வேண்டும். இவை கிடைக்காத இடங்களில் ராட்டைகள் மூலையில் சும்மா கிடந்தன. பின்னர் உலோகத்தால் ஆன, ஆறும் எட்டும் கதிர்கள் கொண்ட புது மாதிரி ராட்டைகள் வந்தன. இன்றும் கதர் நிலையங்களில் ஓடுவன இவ்வழியில் வந்தவையே.

இவ்வரலாற்றை நாம் தோல்வி என்று கொள்ளலாகாது. தனி ஒருவரின் கற்பனை ஒரு நாட்டின் திட்டம் வரை சென்றது. இன்றும் அதன் வழித்தோன்றல் வேலை செய்கிறது. எனினும் கருவி மட்டும் போதாது என்பதை அது நன்கு காட்டுகிறது. கருவிக்கு முன்னே நல்ல மூலப்பொருளும், பின்னே சந்தையும், பக்கத்தில் பழுது பார்க்கும் கையும் இருத்தல் வேண்டும். இம்மூன்றையும் தனி மனிதன் தேடிக் கொள்வது அரிது. சங்கம் தேடித் தர முடியும்.

தாயின் தோள்வலி

அடுத்து, நம் காலத்து நெசவாளர் ஒருவரைப் பார்ப்போம். தெலங்காணாவில் ஆலேர் என்னும் ஊரைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம், ஆறாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவர். அப்பகுதியில் போச்சம்பள்ளி வகைச் சேலைகள் நெய்யப்படுகின்றன. நூலைக் கட்டிச் சாயமேற்றுவதற்கு முன், அதை அரைவட்டமாக நட்ட முளைகளின்மேல் கையால் மாறி மாறிச் சுற்ற வேண்டும். இதற்கு ஆசு என்று பெயர். ஒரு சேலைக்கு ஏறக்குறைய 9,000 முறை கை சென்று மீள வேண்டும். இரண்டு சேலைக்குச் சுற்றினால் 18,000 முறை. இவ்வேலையைச் செய்து வந்தவர்கள் வீட்டுப் பெண்களே. மல்லேசத்தின் தாயார் லட்சுமி தோள்வலியால் துன்புற்றதைக் கண்டே அவர் இம்முயற்சியில் இறங்கினார்.

1992-இல் தொடங்கிய வேலை 1999-இல்தான் முடிந்தது. கையில் பணம் கிடைத்தபோது ஓர் உறுப்பைச் செய்வார். பணம் தீர்ந்தால் நிறுத்துவார். ஊரார் ஏளனம் செய்தனர். ஐதராபாத்துக்குக் கூலி வேலைக்குச் சென்றார். அங்கே ஒரு தொழிற்சாலையில் ஓடிக் கொண்டிருந்த வேறோர் இயந்திரத்தின் அசைவைக் கண்டதும், தமக்கு ஏழாண்டுகளாகப் பிடிபடாதிருந்த கடைசி அசைவு இதுவே என்று உணர்ந்தார். ஒரு சேலைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் பிடித்த ஆசு வேலை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. தாயின் பெயராலேயே அது லட்சுமி ஆசு இயந்திரம் எனப்படுகிறது. 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

விருதைப் பற்றி மகிழ்வதோடு நில்லாமல், அந்த ஏழு ஆண்டுகளைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். ஒரு நெசவாளரின் இளமையில் ஏழு ஆண்டுகள் உறுப்புக்கு உறுப்பு பணம் தேடுவதில் கழிந்தன. அருகில் இருந்த சங்கம் ஒன்று ஒரு சிறு தொகையையும், ஒரு கடைசல் பட்டறையின் அறிமுகத்தையும் கொடுத்திருந்தால், அவ்வேழு ஆண்டு மூன்றாகக் குறைந்திருக்கக் கூடும் அன்றோ?

வயலுக்கு வந்த கருவிகள்

விவசாய அங்கத்தினர்களுக்கும் இவ்வகை உதாரணங்கள் உண்டு. குஜராத்தில் அம்ரேலி மாவட்டத்து விவசாயியான மன்சுக்பாய் ஜகானி, 1994-இல், புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் இரு சிறு சக்கரங்களையும் உழவுக் கருவிகளைப் பூட்டும் சட்டத்தையும் அமைத்தார். வறட்சியில் மாடுகளை வைத்துக் காக்க முடியாத சிறு விவசாயிக்கு அது மாட்டு ஜோடியின் வேலையைச் செய்தது. வேண்டாதபோது பழையபடி மோட்டார் சைக்கிளாகவும் மாற்றிக் கொள்ளலாம்.

இக்கருவியைப் படத்தில் கண்டு நமது தாளடிச் சேற்றில் இறக்கினால் அச்சு வரை புதையும். அது சௌராஷ்டிரத்தின் காய்ந்த கரிசலுக்குப் பிறந்தது. நமக்கோ, நெல் அறுத்தபின் பருத்தியும் உளுந்தும் நிற்கும் கோடை நிலத்தில் மட்டுமே அத்தகையது பயன்படக் கூடும். பிறர் கருவியைப் பார்க்கும்போது முதலில் அது எந்த மண்ணுக்கு உரியது என்று கேட்டல் வேண்டும்.

களைக்கருவியின் கதையும் இதுவே. 1950-களில் ஜப்பானிய முறை நடவுடன் உருளும் களைக்கருவி நம் நாட்டில் பரவலாயிற்று. பின்னர், மடகாஸ்கர் தீவில் 1983-இல் பாதிரியார் ஆன்றி தெ லொலானியே உருவாக்கிய ஒற்றை நாற்று நடவு முறை தமிழ்நாட்டுக்கு வந்தபோது, அக்கருவிக்கு மறுவாழ்வு கிடைத்தது. வரிசையாக, சதுரமாக நட்டாலன்றி அது ஓடாது. ஆகவே விவசாயிகள் முடிச்சிட்ட கயிறு, பல் வைத்த மரச்சட்டம், உருளைக் குறியிடுவான் என்று அவரவர் கைக்கு எட்டியதைச் செய்து கொண்டனர். கருவி ஒன்று வயலுக்கு வந்தால் வயலும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பதை விளக்க இதைவிட எளிய உதாரணம் இல்லை.

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. ஆசு இயந்திரம் குறைத்தது, வீட்டுப் பெண்கள் கூலியின்றிச் செய்த வேலையை. அதனால் எவருடைய அடுப்பும் அணையவில்லை. களைக்கருவியோ, களையெடுக்கும் பெண்களின் நாட்கூலியைக் குறைக்கிறது. தார் சுற்றும் மோட்டார், அவ்வேலையைக் கூலிக்குச் செய்யும் முதியவரின் வருவாயைக் குறைக்கிறது. இவர்களும் நம் ஊரார். சிலர் நம் அங்கத்தினர். கருவி வேண்டாம் என்பது இதற்கு விடையாகாது. குனிந்து களையெடுப்பது எவரும் விரும்பிச் செய்யும் வேலையன்று. ஆயினும், கருவியை இயக்கும் பயிற்சியை முதலில் அப்பெண்களுக்கே அளிப்பதும், கருவியைச் சங்கம் வைத்திருந்து அவர்கள் குழுவாக வாடகைக்கு எடுத்து ஓட்டச் செய்வதும் கூடும். இதனைச் சங்கம்தான் செய்ய இயலும்.

இருவகைச் சங்கங்கள்

கருவி செய்தவரின் உரிமை என்ன? இதற்கு இங்கிலாந்து வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. லங்காஷயரில் பரி என்னும் ஊரைச் சேர்ந்த ஜான் கே, 1733-இல், கயிற்றை இழுத்தால் தானே தறியின் இரு பக்கமும் ஓடும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். அகலத் துணிக்கு இருவர் வேண்டியிருந்த தறியில் ஒருவரே நெய்ய முடிந்தது. நம் குழித்தறிகளில் இன்று ஓடும் நாடாவும் அதன் வழி வந்ததே. துணி முதலாளிகள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினர். உரிமைத் தொகை கொடுக்க மறுத்தனர். அவர் வழக்குத் தொடுத்தபோது, வழக்குச் செலவைப் பகிர்ந்து கொள்ள அவர்கள் தமக்குள் ஒரு சங்கமே அமைத்தனர்; நாடாச் சங்கம் என்பது அதன் பெயர். வழக்கிலேயே பொருளை இழந்த கே, அக்காலத்தில் நம் காரைக்காலை ஆண்டு வந்த பிரான்ஸ் தேசத்துக்குச் சென்று, அங்கேயே வறுமையில் மாண்டார்.

அந்தப் பரி என்ற ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில் உள்ளது ராச்டேல். 1844-இல் 28 பேர் அங்கே ஒரு கடையைத் திறந்தனர். அவர்களுள் பலர் நெசவாளர். உலகக் கூட்டுறவு இயக்கம் அவர்களையே தன் முன்னோடிகளாகக் கொண்டாடுகிறது. இரண்டும் சங்கங்களே. ஒன்று, ஒருவனுடைய உழைப்பை விலையின்றி எடுத்துக் கொள்வதற்காகக் கூடியது. மற்றது, ஒவ்வொருவர் உழைப்புக்கும் நியாயம் கிடைக்கக் கூடியது. ஓர் அங்கத்தினர் செய்த கருவியை நாற்பது பேர் பார்த்துச் செய்து கொண்டு, அவருக்கு ஒரு நன்றியும் சொல்லாதிருந்தால், நாம் எந்தச் சங்கத்தைப் பின்பற்றுகிறோம் என்பதை நாமே கேட்டுக் கொள்ள வேண்டும்.

சட்டம் கூறுவன

கருவி செய்வோர் சில சட்ட விஷயங்களை அறிந்திருத்தல் நலம். முதலாவது, நம் நாட்டில் காப்புரிமைக் காலம் 20 ஆண்டுகள். கருவியைப் பொதுவில் காட்டி ஓடவிட்ட பின் விண்ணப்பித்தால், புதுமை போய்விட்டது என்று மறுக்கப்படக் கூடும். முழு விவரம் தயாராகாவிடில் தற்காலிக விவரத்துடன் விண்ணப்பித்து, 12 மாதங்களுக்குள் முழு விவரத்தைக் கொடுக்கலாம். விவசாய முறைக்குக் காப்புரிமை இல்லை. விவசாயக் கருவிக்கு உண்டு. ஆமதாபாத்தில் 2000-இல் நிறுவப்பட்ட தேசியப் புத்தாக்க நிறுவனம், படிப்பறிவு குறைந்த கண்டுபிடிப்பாளர்களுக்கு இதில் துணை புரிந்து வருகிறது.

இரண்டாவது, நெசவாளர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி, விசைத்தறி அல்லாத தறியே கைத்தறி. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் முதலிய 11 இனங்களில் குறிப்பிட்ட வகைகள் கைத்தறிக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. தார் சுற்றும் ராட்டினத்தில் மோட்டார் வைப்பது வேறு. தறியிலேயே மோட்டார் வைப்பது வேறு. பின்னதைச் செய்தால் அத்தறி கைத்தறி என்ற தகுதியை இழக்கும். அதில் நெய்த துணிக்குக் கைத்தறி முத்திரை கிடைக்காது. ஒதுக்கப்பட்ட வகையை அதில் நெய்வது சட்டப்படி குற்றமாகும். கைவேகத்தால் செய்த சிறு மாற்றம், ஒரு குடும்பத்தின் சலுகைகள் யாவற்றையும் பறித்துவிடக் கூடும்.

மூன்றாவது, சட்டத்தைவிட முந்தியது, உயிர். மூடப்படாத பெல்ட்டில் சேலைத் தலைப்பு சிக்கும். தரைக்கம்பி இணைக்காத மோட்டார், ஈரமான தறிக்குழி அருகே யமனாகும். கருவி ஓடுவதற்கு முன் மூடி போடப்பட வேண்டும். ஓடிய பின் போட்டுக் கொள்ளலாம் என்ற எண்ணம் ஆகாது.

சங்கங்கள் செய்யத் தக்கவை

வீட்டில் செய்த கருவி ஒன்று நிர்வாகக் குழுவின்முன் வரும்போது ஐந்து கேள்விகள் கேட்கப்படட்டும். அதன் முழு அடக்க விலை என்ன? பழுதானால் நம் ஊர்க் கொல்லனும் தச்சனும் சரிசெய்ய முடியுமா, அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்? வீட்டுப் பெண்ணோ முதியவரோ நாள் முழுதும் இயக்கினால் உடம்பு தாங்குமா? அதில் வரும் நூலும் துணியும் விளைவும் முன்னிலும் தாழாமல் இருக்கின்றனவா? அதனால் வேலை இழப்பவர் யார், அவருக்கு என்ன வழி? முதல் நான்கும் 1929-ஆம் ஆண்டு நிபந்தனைகளின் சாரமே. ஐந்தாவது, கூட்டுறவு என்ற பெயரைத் தாங்குவதால் நாம் கேட்க வேண்டியது.

விடைகள் திருப்தியளித்தால், முதலில் கடன் வேண்டாம்; சோதனை போதும். கருவி செய்தவரைத் தவிர வேறு மூன்று அங்கத்தினர்கள் ஒரு பருவம் அதை ஓட்டிப் பார்க்கட்டும். செய்தவர் கையில் எந்தக் கருவியும் நன்றாகவே ஓடும். பிறர் கையில் ஓடுவதே தேர்வு. ஓடிய மணி, அறுந்த இழை, செலவான மின்சாரம், மாற்றிய உறுப்பு ஆகியவை ஒரு நோட்டில் தேதியுடன் எழுதப்படட்டும். பிற்காலத்தில் கடனுக்கும் காப்புரிமைக்கும் அந்த நோட்டே சான்றாகும். சோதனைக்கான சிறு தொகையை உபவிதிகளுக்கு உட்பட்டு, மகாசபையின் அனுமதியுடன் பொதுநல நிதியிலிருந்து ஒதுக்கலாம். துளைக்கும் கருவி, பிடிகருவி, அளவுகோல் முதலிய சில பொதுக் கருவிகளைச் சங்கக் கட்டடத்தில் வைத்து, ரசீது பெற்று இரவல் தரலாம். சோதனையில் தேறிய கருவி சங்கத்தில் பதியப்பட்டு, அதைச் செய்து கொள்ளும் ஒவ்வோர் அங்கத்தினரும் செய்தவருக்கு ஒரு சிறு தொகை செலுத்தும் ஏற்பாட்டை மகாசபை முடிவு செய்யலாம்.

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு, இளமையில் ஓர் ஆங்கில அதிகாரியிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, உறுப்பு உறுப்பாகக் கழற்றி மீண்டும் பூட்டிப் பார்த்தே இயந்திரக் கல்வியைக் கற்றார் என்பர். பின்னர் அந்நகரிலேயே பம்பும் மோட்டாரும் செய்யும் பட்டறைகள் பெருகின. அத்தகைய ஆர்வம் நம் இளைஞரிடமும் குறைவற உண்டு. அதைத் தாழ்வாரத்தில் துருப்பிடிக்க விடுவதா, முறையாகச் சோதித்து ஊருக்கெல்லாம் பயன்படச் செய்வதா என்பது நம்மைப் பொறுத்தது. வரும் மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு அங்கத்தினர்கள் எழுத்து மூலம் கேட்டுக் கொள்ளலாம்.